படகு விளக்கு விற்கும் முன் வணிகர் அறிய வேண்டியவை



திருவாலங்காட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கும் படகு விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் பலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் கோயில் இருக்கிறது, சர்க்கரை ஆலை இருக்கிறது, அரக்கோணம் மார்க்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. ஆனால் 1997-ல் பிரிக்கப்பட்ட நமது திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் திருத்தணி மலை என்றால், கிழக்குக் கோடியில் பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் இருக்கின்றன. இங்கிருந்து அரிசியும் பருப்பும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அந்தக் கரை வரைக்கும் போகிறது. வண்டி போகிற இடத்துக்கு வணிகனுடைய பொறுப்பும் போகிறது என்பதை ஒரு தவறு செய்துதான் நாம் கற்றுக்கொண்டோம். அதைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

பழைய சேதி ஒன்றும் உண்டு. 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. இராஜேந்திர சோழன் பழையனூரை எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் அந்த ஏடுகளிலேயே, அவன் படை கடல் கடந்து கடாரத்தை வென்றதும் வருகிறது. ஆகவே கடல் விஷயத்தை எங்கள் ஊர்க்காரர் எழுதுவது புதிதல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் கடையில் நடந்தது

எங்களிடம் மளிகைச் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் பழவேற்காட்டுப் பக்கம் கடை வைத்திருக்கிறார். மளிகையோடு டார்ச் லைட், பேட்டரி, மண்ணெண்ணெய் அரிக்கேன், நைலான் கயிறு என்று மீனவர்களுக்கு வேண்டியதையும் வைத்திருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம், "ஐயா, படகுல மாட்டுற சிவப்பு, பச்சை லைட்டு கேக்கறாங்க. கெடைச்சா அனுப்புங்க" என்று சொல்லி அனுப்பினார். சென்னையில் நமக்குப் பழக்கமான ஓர் இடத்தில் விசாரித்தோம். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, அட்டைப் பெட்டியில் போட்டு ஜோடியாகக் கொடுத்தார்கள். விலை சகாயம். இரண்டு டஜன் ஜோடி கொள்முதல் செய்து, அரிசி மூட்டையோடு ஏற்றி அனுப்பிவிட்டோம். பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். அவர் நேரில் வந்தார். முகம் சரியில்லை. அவரிடம் விளக்கு வாங்கிய இளைஞர் ஒருவருடையது இருபதடிப் பாய்மர வள்ளம். எஞ்சின் உண்டு, ஆனாலும் காற்று இருந்தால் எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்கப் பாய் விரித்து வருவார். விடியற்காலை இருட்டில் கரை திரும்பிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்த விசைப்படகு ஒன்று அவருடைய வள்ளத்தின் அமரத்தை உரசிக்கொண்டு போயிற்று. சுக்கான் முறிந்தது. வலை போயிற்று. தண்ணீரில் விழுந்த இருவரையும் அந்த விசைப்படகுக்காரர்களே தூக்கிவிட்டார்கள். உயிருக்குச் சேதமில்லை.

"விளக்கு எரியலையா?" என்று கேட்டோம்.

"எரிஞ்சுதுங்க ஐயா. எரிஞ்சதுதான் தப்பாப் போச்சு. பின்னால இருந்து பாத்தவருக்குச் சிவப்பும் பச்சையும் சேந்து தெரிஞ்சிருக்கு. எதுர்ல ஒரு படகு வருதுன்னு நெனச்சி வலப் பக்கம் ஒதுங்கியிருக்காரு. இவுரு போய்க்கிட்டிருந்ததும் அந்தப் பக்கந்தான்" என்றார்.

பிறகு பையிலிருந்து அந்த விளக்கை எடுத்துக் கல்லாப் பெட்டி மேல் வைத்து எரியவிட்டார். கடை விளக்கை அணைக்கச் சொன்னார். "இதச் சுத்தி ஒரு தரம் நடந்து பாருங்க" என்றார். நடந்தோம். முன்னால் சிவப்பு, பக்கத்தில் சிவப்பு, பின்னாலும் சிவப்பு. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே மாதிரி தெரிந்தது. நமக்கு அப்போதும் விளங்கவில்லை. "சிவப்பு லைட்டு சிவப்பாத்தானே தெரியும்?" என்று கேட்டோம். அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலும், அதன் பின் நாம் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதும்தான் இனி வருவது.

விளக்கு வெளிச்சத்துக்கு அல்ல

தெரு விளக்கும் வீட்டு விளக்கும் நாம் பார்ப்பதற்காக எரிகின்றன. படகு விளக்கு, நம்மைப் பிறர் பார்ப்பதற்காக எரிகிறது. அதுவும், நாம் இருக்கிறோம் என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பக்கம் பார்த்துப் போகிறோம், எஞ்சினில் போகிறோமா, பாயில் போகிறோமா, நங்கூரம் போட்டு நிற்கிறோமா என்பதையும் பேசாமல் பேச வேண்டும். இருட்டில் படகின் உருவம் தெரியாது. விளக்கு மட்டுமே தெரியும். அந்த விளக்கு பொய் சொன்னால், விளக்கே இல்லாததைவிட ஆபத்து அதிகம்.

நீராவிக் கப்பல்கள் பெருகிய காலத்தில், 1848-ல், பிரிட்டிஷ் அரசு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை என்று விதி செய்தது. இன்று உலகம் முழுவதும் நடைமுறையில் இருப்பது 1972-ல் ஒப்புக்கொள்ளப்பட்டு 1977 ஜூலை 15-ல் அமலுக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகள். இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்ட நாடு. சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரையிலும், மூடுபனி, கனமழை போன்றவற்றால் பார்வை மங்கும் பகல் வேளையிலும் இந்த விளக்குகள் எரிய வேண்டும்.

ரயில் சிக்னலைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு குழப்பம் வரும். ரயிலில் சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ. கடலில் அப்படி இல்லை. சிவப்பு என்றால் அந்தப் படகின் இடப்பக்கம், பச்சை என்றால் வலப்பக்கம், அவ்வளவே. இடம், வலம் என்பது படகில் அணியத்தை, அதாவது முன்புறத்தைப் பார்த்து நிற்பவருடைய இடமும் வலமும்.

கடிகாரக் கணக்கு

விளக்கு எந்த நிறம் என்பதைவிட, எந்தத் திசைக்கு மட்டும் தெரிகிறது என்பதே முக்கியம். விதியில் இதைப் பாகைக் கணக்கில் சொல்லியிருக்கிறார்கள். பக்க விளக்கு ஒவ்வொன்றும் 112.5 பாகை, பின் விளக்கு 135 பாகை. மூன்றையும் கூட்டினால் 360 பாகை, ஒரு முழு வட்டம். நம் வியாபாரிகளுக்குச் சுலபமாக விளங்கக் கடிகார முகத்தை வைத்துச் சொல்கிறோம்.

படகைக் கடிகாரத்தின் நடுவில் வையுங்கள். அணியம் 12 மணியைப் பார்க்கட்டும். பச்சை விளக்கு 12 மணியிலிருந்து மூன்றே முக்கால் மணி இருக்கும் இடம் வரை மட்டும் தெரிய வேண்டும். மூன்றே முக்காலிலிருந்து எட்டேகால் வரை பின்புறத்து வெள்ளை விளக்கு மட்டும் தெரிய வேண்டும். எட்டேகாலிலிருந்து 12 வரை சிவப்பு மட்டும் தெரிய வேண்டும். இந்த எல்லைகளை விளக்கின் கூட்டிலேயே மறைப்பு வைத்து வெட்டியிருப்பார்கள். எங்கள் கடை விளக்கில் அந்த மறைப்பு இல்லை. அதனால்தான் நாம் எந்தப் பக்கம் நின்றாலும் தெரிந்தது.

மறைப்பு சரியாக இருந்தால் எதிரே இருப்பவர் என்ன புரிந்துகொள்வார் என்று பாருங்கள். சிவப்பு மட்டும் தெரிந்தால் அந்தப் படகு நமக்கு இடப்புறமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலப்புறமாகப் போகிறது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம்மை நோக்கி வருகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் நாம் அதன் பின்னால் இருக்கிறோம் அல்லது அது நங்கூரம் போட்டு நிற்கிறது. எஞ்சினில் வரும் இரண்டு படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் தத்தம் வலப்புறம் ஒதுங்க வேண்டும் என்பது விதி. அந்த விசைப்படகு ஓட்டியவர் விதிப்படிதான் ஒதுங்கினார். நாம் விற்ற விளக்குதான் அவரிடம் பொய் சொல்லிற்று.

பாய்மரப் படகுக்கு எவை வேண்டும்

விதி படகின் நீளத்தைப் பார்க்கிறது, அது பாயில் ஓடுகிறதா எஞ்சினில் ஓடுகிறதா என்பதையும் பார்க்கிறது. பாய் விரித்திருந்தாலும் எஞ்சினும் சேர்ந்து ஓடினால் அது எஞ்சின் படகுக் கணக்கில்தான் வரும். இதை வாங்க வருபவர்களில் பலர் அறியமாட்டார்கள்.

பாயில் மட்டும் ஓடும்போது: சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகள், பின்புறம் வெள்ளை விளக்கு. இந்த மூன்றே போதும். பாய்மரத்தில் முன்னோக்கிய வெள்ளை விளக்கு இருக்கக் கூடாது, ஏனெனில் அது எஞ்சின் படகின் அடையாளம்.

20 மீட்டருக்குக் குறைந்த படகானால் மூன்றையும் ஒரே கூட்டில் அடக்கிப் பாய்மரத்தின் உச்சியில் மாட்டலாம். இதை மூவண்ண விளக்கு என்கிறார்கள். ஒரே பல்ப் என்பதால் பேட்டரி மிச்சம். உயரத்தில் இருப்பதால் அலை மறைக்காது, பாயும் மறைக்காது. ஆனால் எஞ்சினைக் கிளப்பியதும் அதை அணைத்துவிட்டுக் கீழே உள்ள பக்க விளக்குகளுக்கு மாற வேண்டும். ஆகவே எஞ்சினும் உள்ள படகுக்கு மூவண்ண விளக்கு மட்டும் விற்பது பாதிச் சரக்கு விற்பது போல. மேலும் துறைமுகத்துக்குள் அருகருகே போகும்போது அண்ணாந்து பார்த்தால்தான் உச்சி விளக்கு கண்ணில் படும். அங்கே தாழ்வான விளக்கே நல்லது. மூவண்ணமும் கீழ் விளக்குகளும் சேர்ந்து எரியக் கூடாது.

எஞ்சினில் ஓடும்போது: 12 மீட்டருக்குக் குறைந்த படகு, அதாவது சுமார் 39 அடிக்கு உட்பட்டது, பக்க விளக்குகளோடு சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றை மேலே மாட்டிக்கொண்டால் போதும். தனிப் பின் விளக்கு வேண்டியதில்லை. அந்த வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிட ஒரு மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும்.

நங்கூரம் போட்டிருக்கும்போது: சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு மட்டும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சிறிய பாய்மர வள்ளத்துக்குச் சிக்கனமான ஏற்பாடு ஒன்று கிடைக்கிறது. அணியத்தில் சிவப்பும் பச்சையும் சேர்ந்த இரட்டை விளக்கு ஒன்று, அமரத்தில் வெள்ளைப் பின் விளக்கு ஒன்று, பாய்மரத்தில் சுற்றிலும் தெரியும் வெள்ளை ஒன்று. ஆக மூன்று கூடுகள். பாயில் போகும்போது முதல் இரண்டும் எரியட்டும். எஞ்சினில் போகும்போது முதலாவதும் மூன்றாவதும். நங்கூரத்தில் மூன்றாவது மட்டும். இதற்கேற்ற சுவிட்ச் போட்டுவிட்டால் தூக்கக் கலக்கத்தில்கூடத் தவறு வராது.

7 மீட்டருக்கும் குறைந்த பாய்மரப் படகுக்கு, அதாவது சுமார் 23 அடிக்கு உட்பட்டதற்கு, விதி ஒரு சலுகை தருகிறது. இயலுமானால் மேற்சொன்ன விளக்குகளை மாட்ட வேண்டும். இயலாவிட்டால் வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச் அல்லது ஏற்றிய லாந்தர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், மோதலைத் தவிர்க்கப் போதுமான நேரம் இருக்கும்போதே அதைக் காட்ட வேண்டும். நமது வாடிக்கையாளருடைய இருபதடி வள்ளம் இந்தக் கணக்கில்தான் வருகிறது. யோசித்துப் பார்த்தால், தவறான விளக்கை நாம் விற்காமல் நல்ல டார்ச் ஒன்றை விற்றிருந்தால் அவர் விதிப்படியே இருந்திருப்பார். டார்ச் வெளிச்சத்தைப் பாயின் மேல் அடித்தால் பாய் முழுவதும் வெளுத்துத் தெரியும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள்.

மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குத் தனி அடையாளம் உண்டு. இழுவலை போடுபவர் பச்சைக்குக் கீழே வெள்ளை, மற்ற முறையில் வலை போடுபவர் சிவப்புக்குக் கீழே வெள்ளை, இரண்டும் சுற்றிலும் தெரிவதாக வைக்க வேண்டும். நாம் விற்ற சிவப்பு விளக்கு சுற்றிலும் தெரிந்ததால், அது ஒருவேளை இந்த வேலைக்கு உதவியிருக்கலாம். பக்க விளக்காக அது உதவாது. சரக்கு ஒன்றுதான், மாட்டுகிற இடம் மாறினால் குணம் மாறிவிடுகிறது.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்

12 மீட்டருக்குக் குறைந்த படகின் பக்க விளக்கு ஒரு கடல் மைல் தூரமும், பின் விளக்கும் சுற்றிலும் தெரியும் வெள்ளையும் இரண்டு கடல் மைல் தூரமும் தெரிய வேண்டும். கடல் மைல் என்பது 1,852 மீட்டர். 12 மீட்டருக்கு மேற்பட்ட படகானால் பக்க விளக்கும் இரண்டு மைல் தெரிய வேண்டும்.

இந்தத் தூரத்தை நேரமாக மாற்றிப் பாருங்கள். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் ஒரு மைலை நான்கே நிமிடத்தில் கடந்துவிடும். பெரிய கப்பலை நினைத்தவுடன் நிறுத்த முடியாது, திருப்புவதற்கும் நேரம் வேண்டும். ஒரு மைலில் தெரிய வேண்டிய விளக்கு அரை மைலில்தான் தெரிகிறது என்றால் மிஞ்சுவது இரண்டு நிமிடம். பழவேற்காட்டுக்குத் தெற்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்த பிறகு கப்பல் போக்குவரத்து அதிகம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு பெரிய கப்பல்களே மோதிக்கொண்டு, எண்ணெய் கொட்டிக் கரையெல்லாம் கறுத்ததை நாம் மறக்கவில்லை. எத்தனையோ கருவி வைத்திருக்கும் கப்பல்களுக்கே அந்தக் கதி என்றால் இருபதடி வள்ளம் எந்த மூலைக்கு?

எஞ்சின் கப்பல் பாய்மரத்துக்கு வழிவிட வேண்டும் என்ற விதி உண்மைதான். ஆனால் பின்னாலிருந்து முந்துகிறவர் யாராக இருந்தாலும் அவர்தான் ஒதுங்க வேண்டும். குறுகிய கால்வாயில் பாய்மரப் படகு பெரிய கப்பலுக்குத் தடையாக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கண்ணுக்கு நாம் தெரிந்தால்தானே வழிவிடுவார்?

கொள்முதலின்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, பாகையும் தூரமும். 112.5, 135, 225, 360 என்ற எண்களும் எத்தனை கடல் மைல் என்பதும் கூட்டின் மீதோ பெட்டியின் மீதோ அச்சிட்டிருக்க வேண்டும். இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற அமைப்பின் ஒப்புதல் குறிப்பு இருந்தால் மிகவும் நல்லது. எதுவுமே அச்சிடாத விளக்கு முத்திரை இல்லாத எடைக்கல் மாதிரி. அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் நாம் அதை நம்பி வியாபாரம் செய்ய மாட்டோம்.

இரண்டாவது, சாய்வு. காற்றில் பாய்மரப் படகு ஒருபுறம் சாய்ந்துதான் ஓடும். சாய்ந்தால் விளக்கின் ஒளி ஒருபுறம் வானத்துக்கும் மறுபுறம் தண்ணீருக்கும் போய்விடும். அதனால் பாய்மரப் படகின் மின் விளக்கு மேலும் கீழும் 25 பாகை வரை குறைந்தது பாதி ஒளியாவது தர வேண்டும் என்று விதி கேட்கிறது. எஞ்சின் படகுக்கு மட்டும் என்று செய்த விளக்கு இந்தச் சோதனையில் தேறாமல் போகலாம். பாய்மரப் படகுக்கும் ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, மின் செலவு. பழைய இழை பல்ப் ஒன்று 10 வாட் என்று வையுங்கள். அணியத்தில் ஒன்று, அமரத்தில் ஒன்று, ஆக 20 வாட். 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 1.7 ஆம்பியர். 11 மணி நேர இரவுக்கு 18 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் கெடும் என்பதால் 37 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். அதே வேலையை எல்.இ.டி. விளக்கு தலா 2 வாட்டில் செய்தால் ஓர் இரவுக்கு 3.7 ஆம்பியர்-மணி போதும். ஏழரை ஆம்பியர்-மணிக்குச் சற்றுப் பெரிய பேட்டரி சமாளித்துவிடும். எல்.இ.டி. விளக்கின் விலை கூடுதல் என்று தயங்குபவரிடம் இந்தக் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். பேட்டரியில் மிச்சமாகும் பணத்தையும் சேர்த்துப் பார்த்து அவரே முடிவு செய்வார்.

நான்காவது, பல்ப் மாற்றும் ஆசை. பழைய கூட்டுக்குள் கிடைத்த வெள்ளை எல்.இ.டி. பல்ப்பைப் போட்டால் வண்ணக் கண்ணாடி வழியே வரும் நிறமும் தூரமும் மாறிவிடும், எல்லை வெட்டும் இடமும் பிசகும். கூட்டைச் செய்தவர் எந்த பல்ப் சொல்லியிருக்கிறாரோ அதையே விற்க வேண்டும்.

ஐந்தாவது, வயர். மெல்லிய வயரில் மின்சாரம் போகும் வழியிலேயே தேய்ந்துவிடும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 10 மீட்டர் உயரத்துக்குப் போய்த் திரும்ப 20 மீட்டர். 2 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.7 வோல்ட் குறையும். இழை பல்ப்பில் அந்தக் குறைவே வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு பாதிக்கும் குறைவு. ஈயப்பூச்சு உள்ள செம்பு வயர் உப்புக் காற்றில் நீடித்து உழைக்கும்.

ஆறாவது, தண்ணீர் புகாமை. ஐ.பி. 67 என்ற குறி, தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பதற்கு அடையாளம். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

ஏழாவது, ரேடியோ. மலிவான எல்.இ.டி. விளக்குகள் சில வி.எச்.எஃப். ரேடியோவுக்கு இரைச்சல் உண்டாக்குகின்றன. 2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. விளக்கைப் போட்டும் அணைத்தும் ரேடியோவைக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. திருவிழா சீரியல் விளக்குகளையும் மின்னி மின்னி எரியும் வண்ண விளக்குகளையும் படகுக்கு என்று கேட்டு வருவார்கள். வழிகாட்டும் விளக்கோடு குழப்பம் உண்டாக்கும் வேறு விளக்கு எதுவும் எரியக் கூடாது என்பது விதி. விற்பனை போகிறதே என்று பார்க்காமல் இதைச் சொல்லிவிட வேண்டும்.

கடையில் செய்யக்கூடிய சோதனை

இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். கடை மூடிய பின் முற்றத்தில் அல்லது குடோனில் விளக்கை ஒரு முக்காலி மேல் வைத்து எரியவிடுங்கள். சுற்றிச் சாக்கட்டியால் கடிகார வட்டம் போடுங்கள். மணி எண்களைக் குறித்துக்கொண்டு ஒரு சுற்று நடங்கள். பச்சை மூன்றே முக்காலில் மறைகிறதா, சிவப்பு எட்டேகாலில் மறைகிறதா, பின் விளக்கு அந்த இரண்டு இடங்களிலும் தொடங்கி முடிகிறதா என்று பாருங்கள். நேர் முன்னால் சிவப்பும் பச்சையும் சிறிது ஒன்றின் மேல் ஒன்று படிவது சகஜம். பக்கவாட்டிலும் பின்னாலும் அது நடந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடத்தை நாம் செலவழிக்காததால் இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள்.

வாங்க வருபவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். படகு எத்தனை அடி? பாயா, எஞ்சினா, இரண்டுமா? பேட்டரி என்ன? எந்த இடத்தில் மாட்டப்போகிறீர்கள்? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் எந்த விளக்கு என்பது தானே தெரிந்துவிடும். பில்லில் விளக்கின் பாகையும் மைலும் எழுதிக் கொடுங்கள். எந்த விளக்கு வாங்கினாலும் கூடவே ஒரு டார்ச்சும் உபரி பேட்டரி செல்லும் வாங்கச் சொல்லுங்கள். இது வியாபாரத்துக்காகச் சொல்வதல்ல. விளக்கு அணைந்த இரவில் அவருக்கு அதுதான் கை கொடுக்கும்.

முடிவாக

அன்று இரவே கணக்குப் பார்த்தோம். 24 ஜோடியில் 17 விற்காமல் இருந்தன. அவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். விற்ற ஏழையும் அந்த வியாபாரி வீடு வீடாகப் போய்ச் சேகரித்து வந்தார். ஏழு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். முறிந்த சுக்கானுக்கும் போன வலைக்கும் எங்களால் ஆனதைச் செய்தோம். அந்த இளைஞர் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்குத் தெரியாம நடந்துடுச்சிங்க" என்றார். அந்தப் பேச்சுதான் எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அரிசியில் கல் இருந்தால் தெரியாமல் நடந்தது என்று நாம் சொல்வதில்லை. பார்த்து வாங்குவது நம் தொழில். விளக்குக்கும் அதே நியாயம்தான்.

சென்னையில் நமக்குச் சரக்குக் கொடுத்தவரிடமும் விஷயத்தைச் சொன்னோம். ஆனால் பழியை அங்கே தள்ளிவிட்டு நாம் நழுவ முடியாது. பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்றி அனுப்பியது எங்கள் கை.

இப்போது எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். உயிர் சம்பந்தப்பட்ட சரக்கு எதுவானாலும், அது கேஸ் குழாயானாலும் சுவிட்ச் ஆனாலும் படகு விளக்கானாலும், முதல் பெட்டியை நாமே பிரித்து, உபயோகித்துப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றுகிறோம். எங்கள் குடோன் தரையில் அந்தச் சாக்கட்டி வட்டம் அழிந்தால் மறுபடி போட்டுவிடுகிறோம். பழவேற்காட்டு வியாபாரி இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். வரும்போதெல்லாம் அந்த வட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

கடற்கரை ஓரத்து உறுப்பினர்கள் இதைத் தங்கள் கடையில் செய்து பார்க்க வேண்டுகிறோம். உள்ளூர் உறுப்பினர்களும் கடல் நமக்கு எட்டாத தூரம் என்று எண்ணிவிட வேண்டாம்.